நான் பார்க்காத நான்கு நாட்கள்

ஆற்றின் நீர்மட்டம் எழுதும் அரசு வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். கேஜ் ரீடர் என்று பெயர். காவிரிக் கரையில் நட்டிருக்கும் அளவுகல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என மூன்று வேளையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வெள்ளம் வந்தால் மணிக்கு ஒரு தடவை. அந்த வேலையில் யாரும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. பதிவேட்டில் வெற்று வரி இருக்கக் கூடாது. காய்ச்சலோ கல்யாணமோ வந்து பகல் அளவு தவறிவிட்டால், காலை அளவுக்கும் மாலை அளவுக்கும் நடுவே ஓர் எண்ணைப் போட்டு நிரப்பிவிடுவோம். காலையில் 1.40 மீட்டர், மாலையில் 1.50 என்றால் பகலுக்கு 1.45 வரும். ஆனால் அப்படியே நடு எண்ணைப் போட்டால் மேலே உள்ளவருக்குச் சந்தேகம் தட்டும். அதனால் 1.44 என்றோ 1.46 என்றோ போடுவோம். இதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. ஆறு எங்கே போய்விடப் போகிறது?

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தப் பழக்கத்தால் ஒரு மனிதர் வெளியே வர முடியாமல் சிறையில் கிடந்தார். இன்னும் கிடக்கிறார்.

நாமக்கல்லை ஒட்டிய பகுதியில் எனக்கு ஒரு வீடு. கீழே நானும் என் மனைவியும். மாடியில் இரண்டு அறையும் சமையலறையும் வாடகைக்கு. மாடிக்கு வெளிப்புறமாக இரும்புப் படி, மொத்தம் பத்தொன்பது. கீழிருந்து ஏழாவது படியில் ஒரு திருகாணி கழன்றதால் யார் மிதித்தாலும் கடகடவென்று சத்தம் வரும். சரிசெய்ய வேண்டும் என்று நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மனிதர் வீடு கேட்டு வந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாரிகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன். முப்பத்தைந்து வயது இருக்கும். மனைவி, ஒரு பெண் குழந்தை.

"எத்தன பேருங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "பதினோரு ஊடு பாத்துட்டேனுங்க ஐயா. எல்லாரும் பேரக் கேட்டுட்டு, என்ன ஆளுன்னு கேட்டாங்க. நீங்க ஒருத்தருதான் எத்தன ஆளுன்னு கேக்கறீங்க."

"மேல டேங்க் ஐந்நூறு லிட்டருதான். அதுக்குத்தான் கேட்டேன்."

"மூணு பேருங்க. புள்ள ரெண்டாவது படிக்குது. அத அரை ஆளுன்னு போட்டுக்குங்க."

எதிர்வீட்டுக்காரர் போர்வெல் வண்டிகளுக்கு ஏஜென்ட். அன்று மாலையே கேட் வரை வந்துவிட்டார். "ஏனுங்க சார், உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா?" என்றார். தண்ணீர் குறைவாகச் செலவழிக்கிற ஆள் கிடைத்திருக்கிறது என்றேன். நான் பெரிய மனது படைத்தவன் என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கு டேங்க்கைப் பற்றித்தான் கவலை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எழுதுகிற கை சும்மா இருக்கவில்லை. ஒரு நீள நோட்டில் நாள்தோறும் கட்டம் போட்டு எழுதிவந்தேன். குழாயில் குடிநீர் வந்த நேரம், நின்ற நேரம், மின்சாரம் போன நேரம், மோட்டார் ஓடிய நிமிடம். அவர்கள் குடிவந்த பிறகு ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்ந்தது. எல்லோரும் வந்துவிட்டார்களா என்று தெரியாமல் கேட்டைப் பூட்ட முடியாது. ஆகவே அவர் காலையில் இறங்கிப் போகும் நேரத்தையும் இரவில் ஏறி வரும் நேரத்தையும் எழுத ஆரம்பித்தேன். எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஏழாவது படி சொல்லிவிடும். லாரிகள் விடிவதற்குள் பட்டறைக்கு வந்து நிற்குமாம். அதனால் அவர் ஐந்து பத்துக்கு இறங்குவார், எட்டரை வாக்கில் ஏறுவார். இரண்டு வருடம் மூன்று மாதம் இப்படி எழுதினேன். 823 நாட்கள்.

அவர்கள் குடிவந்து இரண்டு வருடம் முடிந்த ஐப்பசியில் எனக்கு வலது கண்ணில் புரை அறுவை நடந்தது. மகள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறாள். சேலத்து ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்து அவள் வீட்டில் தங்கினோம். போன நாளையும் திரும்பிய நாளையும் சேர்த்து நான்கு நாட்கள். ஏற்காடு மலைப்பாதை அவள் வீட்டு மாடியிலிருந்து தெரியும். பச்சைத்துணி கட்டிய கண்ணை விட்டுவிட்டு, மற்றக் கண்ணால் மலை ஏறும் பஸ்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்தால் நான்கு வரிகள் வெற்றாக இருந்தன. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே நிரப்பிவிட்டேன். 5.10, 5.05, 5.10, 5.15. திரும்பி வந்த நேரம் 8.30, 8.40, 8.35, 8.30. மோட்டார் இருபது நிமிடம், இருபத்திரண்டு நிமிடம். ஒரே எண் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொண்டேன். மாடிக்குப் போய் அவரையே கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் நான் ஆற்றிடம் எதையும் கேட்டதில்லை.

அடுத்த தை மாதத்தில் போலீஸ்காரர்கள் வந்தார்கள். காலை ஐந்து நாற்பது, பனி இறங்கியிருந்தது. அன்று ஐந்து பத்துக்கு அவர் இறங்கவில்லையே, குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று வண்டிகள், பதினோரு பேர். இரண்டு பேர் மட்டும் சீருடையில் இருந்தார்கள். ஏழாவது படி பதினோரு தடவை கடகடத்தது.

சிறிது நேரத்தில் என்னையும் மேலே வரச் சொன்னார்கள். எடுத்துச் செல்லும் பொருட்களைப் பட்டியல் எழுதி, அந்த மகஜரில் கையெழுத்துப் போட உள்ளூர் சாட்சி வேண்டுமாம். அவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். மனைவி சமையலறையில் குழந்தையின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு செல்போன், ஒரு வயர் சுருள், மூன்று பேட்டரி கிளிப், நான்கு மதப் புத்தகங்கள், ஒரு பெட்டியில் ஃபிளாஷர்கள். லாரியின் இண்டிகேட்டர் விளக்கை விட்டு விட்டு எரியவைக்கிற சிறு டப்பி அது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.

"பதினாறு" என்றார் எண்ணியவர்.

"பதினேழுங்க சார். ஒண்ணு கட்டிலுக்கு அடியில உருண்டு கெடக்குது" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்த அதிகாரி, சென்னையிலிருந்து வந்தவர், குனிந்து தாமே எடுத்தார். "பெரியவர் கணக்கு வாத்தியாரா?"

"கேஜ் ரீடருங்க. ரிட்டயர்டு."

"உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்."

"இண்டிகேட்டருக்குப் போடறதுங்க சார் அது. எந்த லாரிய வேணும்னாலும் நிறுத்திப் பாருங்க, ஒண்ணு இருக்கும்" என்றார் என் வாடகைக்காரர். அதை யாரும் எழுதவில்லை. நான் சொன்ன பதினேழை எழுதினார்கள்.

பிறகு அந்த அதிகாரி என்னைக் கைப்பிடிச்சுவர் ஓரம் அழைத்துப்போய்க் கேட்டார். "இவன் எப்ப போறான், எப்ப வரான்னு ஏதாவது கவனிச்சிருக்கீங்களா?"

"கவனிக்கறது என்னங்க, எழுதியே வெச்சிருக்கேன்."

இதை நான் பெருமையாகத்தான் சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லை. அதோடு, அவருக்கு நல்லது செய்வதாகவும் நினைத்தேன். ஐந்து பத்துக்குப் போய் எட்டரைக்கு வருகிற மனிதன், 823 நாளும் ஒரே மாதிரி. இதைவிட நல்ல சான்றிதழ் ஒரு தொழிலாளிக்கு யார் கொடுக்க முடியும்? கீழே போய் இரண்டு நோட்டையும் எடுத்து வந்து கொடுத்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்ததை அப்போது கவனிக்கவில்லை.

அவரை இறக்கிக் கொண்டுபோகும்போது என் பக்கம் திரும்பினார். "கேட்டப் பூட்டிக்குங்க ஐயா. இன்னிக்கு நான் வர நேரமாகும் போல இருக்குது" என்றார். வழக்கமாகச் சொல்கிற அதே குரல்.

மாலையில் தொலைக்காட்சியில் எங்கள் வீடு வந்தது. இரும்புப் படியைக் காட்டினார்கள். பயங்கரவாதச் சதி, மர்மக் கருவிகள் பதினேழு என்றார்கள். நான் எண்ணிய பதினேழு. அது பதினாறாகவே இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் அந்த எண் மூன்றாவது தடவை வாசிக்கப்பட்டபோது எழுந்துபோய் அணைத்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்தவை ஒவ்வொன்றும் சிறியவை. பள்ளி வேன் நான்காம் நாளிலிருந்து கேட்டருகே நிற்கவில்லை. தெருமுனையில் நிற்கும் ஆட்டோக்கள் ஐந்தில் ஒன்றும் அவர் மனைவியை ஏற்றவில்லை. பால்காரர் மாடிப் பாக்கெட்டையும் எங்கள் பாக்கெட்டோடு போட்டுவிட்டுப் போனார். "மேல ஏறுனா எம் பேரையும் எழுதிக்குவாங்களாமா சார்" என்றார். யார் எழுதுவார்கள் என்று நான் கேட்கவில்லை. என் மனைவிதான் தினமும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு நடந்தாள். எதிர்வீட்டுக்காரர், "நான் அப்பவே சொன்னனுங்களே" என்றார் ஒரு தடவை. அதன் பிறகு பேச்சே இல்லை.

ஒன்பது மாதம் கழித்து அவருடைய வக்கீல் வந்தார். சேலத்துப் பெண்மணி. குற்றப்பத்திரிகையின் நகலில் என் நோட்டின் ஒரு பக்கம் இருந்தது. மூன்றாவது வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

"ஐயா, கேசு முழுக்க இந்த ஒரு நாள் மேலதாங்க நிக்குது. மேட்டூர்ல நீர்த்தேக்கத்துக்கிட்ட ஒரு ஊட்டுல நாலு பேரு கூடிப் பேசுனாங்களாம், இவரும் அதுல ஒருத்தராம். பிடிபட்ட ஒருத்தன் போலீஸ் பக்கம் சேந்து அப்ரூவராகிச் சொல்லியிருக்கான். இவரு என்ன சொல்றாருன்னா, அன்னிக்கு நூத்திரண்டு டிகிரி காய்ச்சல், பட்டறைக்கும் போகல, ஊட்ட விட்டே எறங்கலைங்கறாரு. போனும் நாள் பூரா இந்த டவருலதான் இருந்திருக்கு."

"அப்ப நல்லதுதானுங்களே."

"இல்லீங்க. போன வேணும்னே ஊட்டுல வெச்சுட்டுப் போனாருங்கறாங்க. அதுக்கு ஆதாரம் உங்க நோட்டு. காலைல 5.10, ராத்திரி 8.35. அவருக்கு எதிரா எழுத வேண்டிய அவசியமே இல்லாத ரிட்டயர்டு அரசு ஊழியர் எழுதுனதுன்னு போட்டிருக்காங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வரிய நீங்க பாத்து எழுதினீங்களாங்க?"

தேதியைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கொண்டப்பநாயக்கன்பட்டி, பச்சைத்துணி, மலை ஏறிய பஸ்கள். அதைச் சொல்ல வாய் திறந்தேன். ஆனால் வந்தது வேறு வார்த்தை.

"எழுதியிருந்தாப் பாத்துத்தான் எழுதியிருப்பேனுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். போலீஸ் பயம் இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறொன்று. பார்க்காமல் எழுதினேன் என்று இந்த எழுபத்து நான்கு வயதுக்குள் நான் யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை.

வக்கீல் போனதும் மனைவி வந்து முன்னால் நின்றாள். "ஏனுங்க, அந்த நாலு நாளு நீங்க எங்க இருந்தீங்க?"

"சேலத்துல."

"நானு?"

"நீயும் சேலத்துல."

"அப்பறம் அந்தப் படியேறி எறங்குன சத்தம் யாருக்குக் கேட்டுதுங்க? ஊட்டுல பல்லிக்கா?"

நான் எழுந்து மோட்டாரைப் போடப் போனேன்.

அந்த வாரமே அந்த மூத்த அதிகாரி போனில் அழைத்தார். அன்பாகத்தான் பேசினார். "பெரியவரே, உடம்பெல்லாம் நல்லாருக்கா? கோர்ட்ல சாட்சி சொல்ல சம்மன் வரும். பயப்பட வேண்டாம். நோட்டுல இருக்கிறதை அப்படியே சொன்னாப் போதும்."

"சரிங்க சார்."

"மகள் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டிதானே? மலையடிவாரம், நல்ல காத்து. கண் ஆபரேஷன் முடிஞ்சு அங்கதானே தங்கியிருந்தீங்க?"

கையில் போன் இருந்தது. அதை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கண் இப்ப நல்லாத் தெரியுதில்ல? அது போதும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்த வரி பார்க்காமல் எழுதியது என்பதை உலகத்தில் அறிந்தவர்கள் நானும் மனைவியும் என்று எண்ணியிருந்தேன். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். நான் வாய் திறக்க மாட்டேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் மகள் பேசினாள். யாரோ வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார்களாம். "அப்பா, உங்க மருமகனுக்கு இப்பத்தான் ப்ரமோஷன் லிஸ்ட்ல பேரு வந்திருக்குது. அவங்க சொல்றதச் சொல்லிட்டு வந்துருங்கப்பா. ஒரு வரிதானுங்களே?"

ஒரு வரிதான். அந்த மாதத்தில் நான் ஐந்து கிலோ குறைந்தேன்.

மாடியிலிருந்த பெண் வீட்டைக் காலி செய்ததும் அப்போதுதான். நான் போகச் சொல்லவில்லை. ஆத்தூரில் அவருடைய தாய்வீடு. ஒரு மதியம் சாமான்களையெல்லாம் அண்ணன் கொண்டுவந்த வண்டியில் ஏற்றிவிட்டு, சாவியைக் கொடுக்கக் கீழே வந்தார். மேலிருந்து சாமான் இறக்கியதில் நாற்பத்திரண்டு தடவை படி கடகடத்தது. கடைசி தடவை அவருடையது.

"உக்காரு சாமி" என்றாள் என் மனைவி.

அவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல் ரொம்ப ஏறிப்போச்சுங்க. கஷாயத்துக்கு இஞ்சி கேக்கலாம்னு கீழ எறங்கி வந்தேன். உங்க ஊடு பூட்டிக் கெடந்துச்சு. கண்ணு ஆபரேசனுக்குப் போயிருக்கீங்கன்னு அப்பறந்தான் நெனப்பு வந்துச்சு. இதத்தான் வக்கீலம்மாகிட்டச் சொன்னேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஆனா நீங்க பாத்துத்தான் எழுதுனேன்னு சொன்னீங்களாம். நீங்க தப்பா எழுத மாட்டீங்க ஐயா, எனக்குத் தெரியும். பொழுதன்னைக்கும் பாத்துட்டே இருக்கறவங்க. அதனால எனக்கே இப்பக் கொழப்பமாப் போச்சுங்க. பூட்டிக் கெடந்தது வேற நாளோ? காய்ச்சல் வந்தது வேற நாளோ? அவரு அன்னிக்குப் போயிருப்பாரோ? ராத்திரியெல்லாம் நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், தெரிய மாட்டேங்குது. போன தடவை ஜெயில்ல அவரப் பாக்கறப்போ, 'நெசமாவே நீங்க போகலயா?'ன்னு கேட்டுட்டேன். அதுக்கப்பறம் அவரு எங்கிட்டப் பேசலைங்க."

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். வாசலில் குழந்தை என் மனைவிக்குக் கையாட்டியது.

நான் எழுதியது வெறும் எண் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒரு பெண்ணின் ஞாபகத்துக்குள் புகுந்து, அவள் கண்ணால் கண்டதையே மாற்றிவிட்டது. அவள் தன் புருஷனை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறாள்.

மனைவி எழுந்து உள்ளே போனாள். பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துவந்து சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள். சேர்ந்த தேதியும் வெளியே விட்ட தேதியும் அதில் இருந்தன. மகளுக்கும் அவளே போன் போட்டாள். "உங்கப்பா நெசத்தச் சொல்லப் போறாரு. உம் புருசங்கிட்டச் சொல்லிப் போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். மறுநாள் சேலத்துக்குப் போய் வக்கீலிடம் நடந்ததைச் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். "இத அங்க கூண்டுல ஏறிச் சொல்லுவீங்களா?" என்றார். சொல்வேன் என்றேன்.

சம்மன் வருவதற்குள் எனக்கு ஒரு வேலை இருந்தது. அந்த நான்கு நாட்களோடு நின்றுவிட்டதாக எனக்கு நம்பிக்கை இல்லை. கல்யாணப் பத்திரிகைகள், பழைய பஸ் டிக்கெட்டுகள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பி, அந்த 823 நாட்களில் நான் வீட்டில் இல்லாத நாட்களைத் தேடினேன். அறுபத்தொன்று கிடைத்தது. வக்கீல் கொடுத்த நோட்டின் நகலில் அந்த அறுபத்தொன்றிலும் ஒரு வரியாவது வெற்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

சென்னையில் இப்படிப்பட்ட வழக்குகளுக்கென்றே இருக்கும் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். மூன்று படி. என் வாடகைக்காரர் எதிரே நின்றார். தாடியில் வெள்ளை வந்திருந்தது. அரசு வக்கீல் நோட்டைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்றார். ஆம் என்றேன். நீங்கள் பார்த்து எழுதியதுதானே என்றார்.

"இந்த வரிய நான் பாக்கலீங்க" என்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன்.

அரசு வக்கீல் பதறவில்லை. "அப்படியானால் இதுபோல எத்தனை வரி?"

"எனக்குத் தெரிஞ்சு அறுபத்தொண்ணுங்க."

"தெரியாமல்?"

"தெரியலைங்க."

அவர் நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார். இவர் அன்று பொய் எழுதினார், அல்லது யாரோ சொல்லி இன்று பொய் சொல்கிறார், இரண்டில் எதுவானாலும் இவரைப் பிறழ் சாட்சியாகக் கொள்ள வேண்டும் என்றார். நீதிபதி என்னை நேராகப் பார்த்து, "வெற்றாக விட்டிருக்கலாமே பெரியவரே?" என்று கேட்டார். கண்டிக்கிற குரலில் அல்ல, உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவதுபோல.

"பழக்கமுங்க ஐயா" என்றேன். அதற்கு மேல் என்னால் விளக்க முடியவில்லை. முப்பத்திரண்டு வருடம் நான் பார்த்த வேலை இதுதான் என்று அங்கே எப்படிச் சொல்வது?

வெளியே நடையில் இரண்டு காவலர்கள் நடுவே அவரைக் கூட்டிவந்தார்கள். ஒரு நிமிடம் நிற்க விட்டார்கள். நான் கும்பிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஆபரேசன் பண்ணுன கண்ணு எப்படீங்க இருக்குது ஐயா?"

"தெரியுதுங்க."

"அந்த ஏழாவது படிய முடுக்கிருங்க. அம்மா காலு மாட்டிக்கப் போகுது." சொல்லிவிட்டு நடந்தார். பிறகு திரும்பி, "அவகிட்டச் சொல்லீருங்க, நீங்க சேலத்துலதான் இருந்தீங்கன்னு" என்றார். சொல்லிவிட்டேன். அன்று மாலையே ஆத்தூருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் தேதியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அன்று நீதிமன்ற வாசலில் அந்த மூத்த அதிகாரி நின்றுகொண்டிருந்தார். கோபப்படவில்லை. என் தோளைத் தொட்டார். "ரொம்ப தூரம் வந்துட்டீங்க பெரியவரே. டீ சாப்பிட்டீங்களா?" என்றார். பிறகு கேட்டார். "எங்ககிட்ட ரெண்டு நோட்டுதான் இருக்கு. அதுக்கப்புறமும் எழுதாம இருந்திருக்க மாட்டீங்களே. மூணாவது ஒண்ணு இருக்குமில்ல? அவனைக் கூட்டிக்கிட்டுப் போன பிறகு உங்க வீட்டுக்கு யார் யார் வந்தாங்க, எப்ப வந்தாங்க..."

ஜாமீன் மனு மறுபடியும் போட்டிருக்கிறார்கள். பயங்கரவாத வழக்குகளுக்கான அந்தச் சட்டத்தில் ஜாமீன் குதிரைக்கொம்பு என்றார் வக்கீல். என் வரி விழுந்துவிட்டால், அப்ரூவரின் வார்த்தையைத் தவிர அந்த நாளுக்கு வேறு ஆதாரம் கிடையாது, அதனால் ஒரு வழி இருக்கிறது என்றும் சொன்னார். விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள்.

படியின் திருகாணியை முடுக்கிவிட்டேன். இப்போது மாடியில் யாரும் இல்லை. யாராவது ஏறினாலும் எனக்குக் கேட்காது.

மூன்றாவது நோட்டு இருக்கிறது. மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தீயில் போடு என்கிறாள் மனைவி. அதை அழித்தால் அதுவே ஒரு குற்றம் ஆகும் என்கிறார் வக்கீல். நேற்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, பார்க்காமல் நிரப்பிய வரிகளுக்கு எதிரே சிவப்புப் பென்சிலால் 'பார்க்கவில்லை' என்று எழுதிக்கொண்டு வந்தேன். இருபத்து மூன்று வரிகள். வக்கீல் வந்துபோன மூன்று தடவையும் அதில் இருக்கிறது. வீடு காலி செய்வதற்கு முன், அந்தப் பெண்ணின் அண்ணன் ஆத்தூரிலிருந்து இரண்டு தடவை வந்து, தங்கையைப் பார்த்துவிட்டு, விடிவதற்குள் கிளம்பிப் போனதும் இருக்கிறது. வண்டி எண்ணோடு இருக்கிறது. அரிசியும் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டரும் கொண்டுவந்தான். அது நோட்டில் இல்லை. அதற்குக் கட்டம் இல்லை.

அந்த இரண்டு வரிகளுக்கு நேரே பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே 'பார்க்கவில்லை' என்று எழுத முடியாது. அந்த இரண்டையும் நான் ஜன்னல் வழியாக, ஆபரேஷன் செய்த கண்ணால், நன்றாகப் பார்த்துத்தான் எழுதினேன்.